டத்தோ குளிக்கும் படித்துறை

செரம்பான்
14 செப்டம்பர் 1996

சகோதரி சயேராவுக்கு,

உங்கள் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையிலிருந்து இந்தப் பெயரை எடுத்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மஸ்தூரா. ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் உங்கள் ஆற்றுமுக விடுதியில், ஆற்றைப் பார்த்த அறையில் தங்கியிருந்தோம். என் கணவர் ஹில்மி. மகள் டீனா, நான்கு வயது. இதற்கு மேல் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரியும்.

கிடைத்ததைக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். விமானச் சீட்டு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் உங்கள் மேனேஜர்தான் பார்த்துக்கொண்டார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லவில்லையென்றால் சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். சண்டை போட அல்ல. இப்போது எனக்குச் சண்டையும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. பள்ளிக்கூடம் போகிறேன், பாடம் எடுக்கிறேன், வருகிறேன்.

அன்று காலை அவர் வரவேற்பு மேசைக்கு வந்து உங்களிடம் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஒரு சொல் விடாமல் வேண்டும்.

அவர் திரும்பி வந்து எங்களிடம் சொன்னதை நான் எழுதுகிறேன்.

"மஸ், கேட்டியா? கீழ படித்துறையில ஒரு டத்தோ குளிக்கிறாராம். வேற யாரும் இறங்கக் கூடாதாம். போர்டே எழுதி வச்சிருக்காங்க!"

"எந்த டத்தோ?"

"எந்த டத்தோவா இருந்தா என்ன? கல்வி இலாகாவுல ஒரு ஆளைக்கூடத் தெரியாம டத்தோ பட்டம் குடுப்பாங்களா? குளிச்சிட்டு ஏறி வர்ற மனுஷன் குளுகுளுன்னு நல்ல மனசோட இருப்பாரு. அப்படியே மாற்றல் விஷயத்தைக் காதுல போட்டுடறேன்."

"துண்டோட நிக்கிற ஆளுகிட்டயா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"வாராவாரம் குவா மூசாங் பஸ்ல கால் மரத்துப் போறவனுக்கு வெக்கம் என்னடி வெக்கம்."

அவர் குவா மூசாங்கில் கணக்கு வாத்தியார், நான் செரம்பானில். கல்யாணம் ஆனதிலிருந்து வாரக்கடைசிக் குடும்பம். அதனால்தான் அந்த ஆசை. பாத்திக் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்துப் பித்தானை நான்தான் போட்டுவிட்டேன். தண்ணீர் தொட்டுத் தலை வாரினார். டீனா தானும் வருவேன் என்று காலைக் கட்டிக்கொண்டாள். "நீ வாயாடி, டத்தோகிட்ட எதையாவது உளறுவே. அப்பா டத்தோவைப் பாத்துட்டு மிட்டாயோட வரேன்," என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் டத்தோ என்றால் தாத்தா. இல்லையென்றால் சுல்தான் கையால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

மஸ்தூரா


மூவாரா செலிட்
29 செப்டம்பர் 1996

மஸ்தூரா அக்காவுக்கு,

கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். என்ன எழுதினாலும் தப்பிக்கப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

சார் வந்து, "தங்கச்சி, இந்தப் படியில இறங்கிக் குளிக்கலாமா?" என்று கேட்டார்.

நான், "வேணாம் சார். அங்க டத்தோ இருக்காரு. இந்த நேரத்துலதான் மேல வருவாரு," என்றேன்.

"அப்படியா! ரொம்பக் கோவக்காரரோ?"

"சும்மா இருக்கிறவங்களை அவரும் ஒண்ணும் பண்ண மாட்டாரு சார். மரியாதையா நடந்துக்கணும், அவ்வளவுதான்."

"மரியாதைக்கு என்னம்மா குறைச்சல்? நம்ம தொழிலே அதுதானே," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன் அக்கா. பயப்படாமல் வேடிக்கையாகப் பேசுகிறாரே, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். போகமாட்டார் என்றும் நினைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு அவர் திரும்ப அந்த வழியே போனபோது நான் மேசையில் இல்லை. பின்கட்டில் என் மகன் ஹைக்கலுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாத்திக் சட்டையோடு பார்த்திருந்தால் கேட்டிருப்பேன், ஆற்றுக்கு யார் இப்படிப் போவார்கள் என்று.

இங்கே பிறந்தவர்கள் யாரும் ஆற்றில் இருக்கிறவர் பேரைத் தண்ணீர் பக்கத்தில் சொல்ல மாட்டோம். பேர் சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம், வந்துவிடுவார். டத்தோ என்போம். குழந்தைகளும் டத்தோ என்றுதான் பயப்படும். என் வீடு தண்ணீருக்கு மேல் கம்பத்தில் நிற்கிறது. வீட்டுக்காரர் பொஹாரிக்குப் படகுதான் பிழைப்பு. ஹைக்கல் இப்போதுதான் நடக்கிறான். வேலையாக இருக்கும்போது அவன் இடுப்பில் துணி கட்டி மறுமுனையைத் தூணில் கட்டிவைக்கிறேன். பலகை இடுக்கு வழியே பார்த்தால் கீழே தண்ணீர். அதனால் எனக்குப் பேர் வாயில் வரவே வராது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சொல் வேறாகக் கேட்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படித்துறையை மூடி வைத்திருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக்குத் திறப்பார்கள். பலகையைப் புதிதாக, பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டார் மேனேஜர் வூன்.

உங்களுக்கு என்ன வேண்டுமோ சொல்லுங்கள் அக்கா. செய்கிறேன்.

சயேரா


செரம்பான்
10 அக்டோபர்

சயேரா,

பெரிய எழுத்தில் என்ன எழுதப் போகிறார்கள்? "இறங்காதீர், டத்தோ இருக்கிறார்" என்பதையே இன்னும் கொஞ்சம் பெரிதாகவா? ஹில்மி இருந்திருந்தால் கழுத்துப்பட்டையும் கட்டிக்கொண்டு போயிருப்பார்.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். ஒரு சொல் விடாமல் என்று கேட்டேன், ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆற்றிலிருந்து கடலைத் தாண்டி எங்கோ இருக்கிற ஊருக்கு எழுதுகிற தாளில்கூட அது வரவில்லை.

"அபாயம்" என்று எழுதினாலும் போதாது. அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நீச்சல் அணியில் இருந்தவர். அபாயம் என்றால் இழுப்பு என்று நினைப்பார், ஆழம் என்று நினைப்பார். எனக்கு நீந்தத் தெரியும் என்று இறங்குவார். என்ன இருக்கிறது என்பதை எழுத வேண்டும். பெயரை எழுத வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். அதுதான் வேண்டும், விடுமுறைக்கு முன்னால். என்னைப்போல் ஒருத்தி ஒருவனுக்குக் கழுத்துப் பித்தான் போட்டு அனுப்பக் கூடாது.

இங்கே நாங்கள் இருக்கிறோம். குளியலறைத் தொட்டியைக் காலி செய்துவிட்டேன். வாளியில் பாதித் தண்ணீர் மட்டும் பிடிக்கிறேன், அதிலும் டீனாவின் கையை விடுவதில்லை. கழிப்பறை மூடியைத் தூக்குமுன் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறேன். பைத்தியம் இல்லை. செய்கிறேன், அவ்வளவுதான்.

டீனாவுக்கு ஒரு புதுப் பழக்கம். சாயங்காலம் தொலைக்காட்சிச் செய்தியில் டத்தோ இன்னார் திறந்து வைத்தார், டத்தோ இன்னார் கூறினார் என்று வருமல்லவா? டத்தோ என்ற சொல் காதில் விழுந்ததும், சாப்பிடுகிற கையோடு ஓடிப்போய்ப் பெட்டி முன்னால் நிற்கிறாள். டத்தோவைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கிற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறாள். படம் மாறியதும் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஒன்றும் கேட்பதில்லை.

மஸ்தூரா


மூவாரா செலிட்
2 நவம்பர்

அக்கா,

பேசிப் பார்த்தேன்.

மேனேஜரும் ஊர்த்தலைவர் சப்லி மாமாவும் படித்துறைப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். பொஹாரியும் இருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, பலகையில் பேரையே எழுதிவிட்டால் நல்லது என்றேன்.

சப்லி மாமா காப்பியைத் தொடவே இல்லை. "ஏம்மா, வருஷம் பூரா அவரைப் பேர் சொல்லி வாசல்ல எழுதி வச்சா, வா வான்னு கூப்பிடற மாதிரி இல்லையா? மழைக்காலம் வேற வருது. உன் வீட்டுக்கு அடியிலதான் முதல்ல வருவாரு, தெரிஞ்சுக்கோ."

"அப்ப படமாவது வரையலாம் மாமா."

"முகத்தை வேற வரையணுமா!"

மேனேஜர் கூச்சிங் நகரத்து ஆள். அவருக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. "சயேரா, நீ அந்தப் போர்டை எழுது, அப்புறம் நீயும் நானும் மட்டும் இங்க உக்காந்து சாப்பிடலாம்," என்றார். "இருக்குன்னு எழுதினா எவன் பிள்ளைகுட்டியோட வருவான்?" சொல்லும்போது அந்தப் பேரை அவர் வாயால் சொல்லியும்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஆற்றைத் திரும்பிப் பார்த்தோம். அவருக்குச் சிரிப்பு. "பாரு, உங்களுக்கே இவ்வளவு பயம். டத்தோன்னே இருக்கட்டும். மரியாதையாவும் இருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது அக்கா. ஒருவருக்குப் பயம், ஒருவருக்கு வியாபாரம். இரண்டு பேருக்கும் அந்தச் சொல் வசதியாக இருக்கிறது. அதே பலகைதான் மாட்டப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பொஹாரி, "உனக்கென்ன, மேசைக்குப் பின்னால உக்காந்திருப்ப. தண்ணில போறவன் நானு. என்னைக் கொல்லணும்னா வேற வழி பாரு," என்றார். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

நீங்கள் கேட்ட ஒன்றையும் என்னால் செய்ய முடியவில்லை. மன்னிப்பு கேட்கவும் வாய் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். தப்பென்றால் தாளைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், டீனா தொலைக்காட்சியில் அப்பாவைத் தேடுகிறாள் என்று தோன்றுகிறது. அவளிடம் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள், அக்கா?

சயேரா


செரம்பான்
16 நவம்பர்

சயேரா,

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். மடித்து அரிசி டின் மேல் வைத்தேன். சமைக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடக்கத்தன்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். சாயங்காலம் கூட்டிவரப் போனபோது, "அப்பா டத்தோ வீட்டுலதான் இருக்காரா?" என்று அவளாகவே கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நேரத்துக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளும் போதுமாக இருந்தது. பிறகு அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் அவளுடைய பாலர் பள்ளிக்குப் புது ஆசிரியை வந்திருக்கிறாள். சின்னப் பெண், ஒன்றும் தெரியாது. வாசலில் என்னைப் பார்த்ததும், "அக்கா, உங்க வீட்டுக்காரர் டத்தோ ஒருத்தர்கிட்ட வேலைக்குச் சேர்ந்திருக்காராமே, டீனா சொன்னா! எங்க அண்ணனுக்கும் ஏதாவது சொல்லி வைங்களேன்," என்றாள். நான், "சரி, சொல்றேன்," என்றேன். டீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, பெருமையாக நின்றாள்.

சொல்றேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது.

ஆகவே உன்னைக் கேள்வி கேட்க எனக்கு வாயில்லை. உன் ஊரே சேர்ந்து சொல்லாததைத்தான் நான் இங்கே ஒரு வீட்டுக்குள் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உனக்காவது கீழே தண்ணீர் இருக்கிறது. என் வீட்டுக்குக் கீழே சிமெண்ட் தரைதான்.

நீ என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

பலகை எப்படியோ போகட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இன்னும் அதைத்தான் கேட்கிறேன். விடுமுறை தொடங்கப் போகிறது.

ஹைக்கலைக் கட்டுகிற துணியின் முடிச்சை அடிக்கடி பார். குழந்தைகள் இழுத்து இழுத்தே அவிழ்த்துவிடும்.

மஸ்தூரா


மூவாரா செலிட்
3 டிசம்பர்

அக்கா,

முதலை.

முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மற்றதெல்லாம். எழுதும்போது ஹைக்கல் என் மடியில் இருக்கிறான். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு எழுதியதால் அந்த எழுத்து கோணியிருக்கிறது.

விடுமுறைக் கூட்டம் போன சனிக்கிழமை வந்தது. ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம். இளம் ஜோடி, கைக்குழந்தை. சாவி கொடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் படித்துறைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அந்தப் பெண் பலகை முன்னால் நிற்கிறாள். அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழந்தையோடு மேல் படியில் இருக்கிறான்.

"ஏங்க, யாரோ டத்தோ குளிக்கிற இடமாம். தள்ளி வாங்க, அவர் வந்துடப் போறாரு!"

"வரட்டுமே. ஆறு என்ன அவர் மாமனார் சீதனமா? பிள்ளை காலை மட்டும் நனைச்சிட்டு வந்துடறேன்."

அக்கா, நான் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தேனா, தாண்டிக் குதித்தேனா, தெரியாது. படிக்கட்டில் நின்றுகொண்டு, தண்ணீர் என் எதிரில் இருக்க, கத்தினேன். "முதலை! முதலை இருக்கு! மேல வாங்க, ஆளைத் தின்னும்!" என் வாழ்நாளில் அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியாததால் மூன்று முறை சொல்லிவிட்டேன் போல.

அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தான். வந்து மூச்சு வாங்கிவிட்டு என்னைத் திட்டினான். "இதை எழுதி வைக்கிறதுக்கு என்ன கேடு உங்களுக்கு? டத்தோவாம் டத்தோ!" அவள் பிள்ளையின் காலையே தடவிக்கொண்டிருந்தாள்.

ஆற்றில் ஒன்றும் வரவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு பொஹாரி படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டைக் கொண்டுவந்து, பலகையில் டத்தோவை அடித்துவிட்டு மேலே அந்தப் பேரையே எழுதினேன். பெயிண்ட் வழிந்துவிட்டது, பார்க்கக் கோரமாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, இப்போது யாரும் சிரிப்பதில்லை.

மேனேஜர் என்மேல் பாய்ந்தார். சில குடும்பங்கள் அறையைக் காலி செய்தன. மற்றவர்கள் கடல் பக்கத்து அறைக்கு மாறிக்கொண்டார்கள். ஆற்றுப் பக்கத்தில் வேலி போடுவதற்கு ஆள் பார்க்கிறார் என்று கேள்வி. என்னை வேலையை விட்டு நிறுத்துவாரா என்று தெரியவில்லை. சப்லி மாமா என் வீட்டு வழியாக நடப்பதை நிறுத்திவிட்டார்.

பொஹாரி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஹைக்கலிடம்தான் சொல்கிறார். "ஹைக்கல், உங்கம்மாகிட்ட சொல்லு, குழம்புல உப்பு இல்லன்னு." நானும் ஹைக்கலிடமே, "ஹைக்கல், உங்கப்பாகிட்ட சொல்லு, உப்பு டப்பா அவரு பக்கத்துலதான் இருக்குன்னு," என்கிறேன். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிக்கிறான்.

ஞாயிறும் திங்களும் அவர் படகை எடுக்கவில்லை. இன்று காலை எடுத்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, துடுப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் நாள் முழுவதும் மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குச் சாவி கொடுத்தேன், கணக்கு எழுதினேன், யாரிடம் என்ன பேசினேன் என்று தெரியாது. பொழுது சாயும்போது படகின் மோட்டார் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை அக்கா. எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

நீங்கள் எழுதியிருந்தீர்களே, பாடம் எடுக்கிறேன், வருகிறேன் என்று. இன்று ஒரு நாள் அப்படி இருந்து பார்த்தேன்.

சயேரா


செரம்பான்
12 டிசம்பர்

சயேரா,

உன் கடிதத்தின் முதல் சொல்லைப் பார்த்துவிட்டு, மடித்துவிட்டு, டீனாவைக் கூப்பிட்டேன். மீதியை அப்புறம்தான் படித்தேன். அந்த ஈப்போக் குழந்தையைப் பற்றியும் அப்புறம்தான் தெரியும்.

அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"டீனா, அப்பா டத்தோ வீட்டுல இல்ல."

"பின்ன எங்க?"

"அங்க இருந்தது டத்தோவே இல்லம்மா. முதலை."

"என் படப் புத்தகத்துல இருக்குமே, பல்லு பல்லா? அதுவா?"

"அதுதான்."

சீப்பை வைத்துவிட்டு யோசித்தாள். "அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. யாரும் பேர் சொல்லல."

"அப்பா சலாம் சொன்னாரா அதுக்கு?"

"சொல்லியிருப்பாரு."

"முதலைக்குச் சலாம் எல்லாம் தெரியாதும்மா," என்றாள். எனக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னாள். பிறகு, "அப்ப மிட்டாய் வராது," என்றாள்.

"வராதும்மா."

"அப்பாவும்?"

"அப்பாவும்."

அழவில்லை. என் மடியில் வந்து ஏறவும் இல்லை. பொம்மையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தலையை வாரத் தொடங்கினாள். நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுதால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கையை எட்டுகிற தூரத்தில் வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

பாலர் பள்ளி ஆசிரியையிடமும் சொல்லிவிட்டேன். அவள்தான் அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

உன்னை வேலையிலிருந்து நிறுத்தினால் எழுது. என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை, ஆனால் எழுது. பொஹாரியிடம் என் சலாமைச் சொல். நேராகச் சொல், ஹைக்கல் வழியாக வேண்டாம்.

நேற்றுச் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பாலம் திறப்பு விழா. டத்தோ என்று தொடங்கினார்கள். நான் கவளத்தைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தேன்.

அவள் திரும்பவில்லை. தட்டை என் பக்கமாகத் தள்ளி, "இந்த மீன்ல முள்ளு இருக்கா பாரும்மா," என்றாள்.

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

மஸ்தூரா